அணைந்தால் விடு

அத்தியாயம் பன்னிரண்டு

எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"அத்தான், ரொட்டி ஆறிப்போகுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அந்த 'அவர்' எதிர் நாற்காலியில் இருந்தார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"மாமா, ரொட்டி ஆறுதாம்."

"சாப்பிடறேன் மாப்பிள்ளை. அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க."

"சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"பசிக்கலையாம் மாமா."

"கேட்டுச்சு," என்றார் மாமா. "இத்தனை மாசமா தபால்காரர் வேலை பார்க்கறீங்க. ஒரு சைக்கிளாவது வாங்கிக் குடுக்கணும் உங்களுக்கு."

சின்னு சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குப் பாதிகூட வேண்டாம், விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாமாவின் காலடியில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு போர்வை, மூக்குக்கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை. காலையிலேயே கட்டி வைத்துவிட்டார். அதைத் தாண்டித்தான் சின்னு அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

நடந்தது இதுதான்.

நகரத்தின் பழைய நாடகக் கொட்டகையில் நாங்கள் நான்கு பேரும் வேலை பார்த்தோம். கல் கட்டடம், வளைந்த மாடி, சாயம் போன சிவப்பு நாற்காலிகள். பெயர்ப்பலகையில் அரங்கம் என்றிருக்கும். ஊருக்கு அது கொட்டகை. என் மனைவி மேடை மேலாளர். எது எப்போது நடக்க வேண்டும் என்று மேடையோரத்து மேசையிலிருந்து உத்தரவு கொடுப்பவள். மாமா, அவளுடைய அப்பா, மேடைக்கு மேலே பலகைப் பாலத்தில் நின்று படுதாக்களைக் கயிற்றால் ஏற்றி இறக்குபவர். நான் பின்கோடியில், லைட் ரூமில். அவளுடைய தங்கை சின்னு அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தாள்.

கொட்டகையில் ஆடும் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு ஒத்திகை. பாட்டுக் குழு இறங்கிப் போனதும் ஒரு மைக் ஸ்டாண்ட் மேடையிலேயே நின்றுவிட்டது. என் மனைவி சின்னுவை மேசையில் உட்கார வைத்துவிட்டு எழுந்தாள். அவள் குரல் என் காதில் மாட்டிய ஹெட்செட்டில் வந்தது.

"லைட்ஸ், ஒரு நிமிஷம். அந்த ஸ்டாண்டை எடுத்துட்டு வந்துடறேன்."

வேலை நேரத்தில் என்னை லைட்ஸ் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் கோபம் வந்தாலும் அதுதான்.

மேலேயிருந்து படுதா இறங்கியது. படுதாவின் அடியில் கனமான இரும்புக் குழாய் இருக்கும்.

நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாலத்திலிருந்து மாமா கத்திக்கொண்டிருந்தார். "நான்தான் விட்டேன்! தப்பு என்னுது!" அதையே போலீசிடம் சொன்னார். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அதன்பிறகு யாரோ என் கையில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாளில் எனக்குச் சரியாக நினைவிருப்பது அந்தக் கோப்பைதான்.

ஐந்து மாதமாகக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. ஐந்து மாதமாகச் சின்னு தன் அப்பாவிடம் பேசவில்லை.

இன்று விசாரணை அதிகாரி வருகிறார். அன்று நடந்ததை அதே இடத்தில் நடத்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். தப்பு மாமாவுடையது என்றால் அவர் சிறைக்குப் போவார், கொட்டகை திறக்கும். தப்பு கட்டடத்துடையது என்றால் கொட்டகை மூடியே இருக்கும். அப்புறம் அதைத் திறப்பார்களா இடிப்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

"கிளம்பலாமா மாப்பிள்ளை?" மாமா பையைத் தூக்கினார்.

"அது இப்ப எதுக்கு மாமா?"

"நாளைக்கு யாராவது கொண்டுவந்து குடுக்கணும். உங்களுக்கு அலைச்சல்."

சின்னு தண்ணீர்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவ ஒன்றும் இல்லை. என் தட்டு மட்டும்தான் இருந்தது. நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

*

கொட்டகைப் படிகளில் கூட்டம். பூட்டிய நாளிலிருந்து இவர்கள் அங்கேதான் ஒத்திகை பார்க்கிறார்கள். மேளக்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தில், நடனப் பள்ளிக்காரர்கள் பக்கத்துச் சந்தில், காது கேளாதவர்களின் நாடகக் குழு தூண்களுக்கு நடுவில். போன வாரம் மழையில் நனைந்துகொண்டே ஆடினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மாமாவைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் பையை வாங்கிக்கொள்ள வந்தார். மாமா கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் மாமாவைப் பிடிக்கும். எல்லோருக்கும் கொட்டகை திறக்க வேண்டும். இரண்டும் ஒரே முகத்தில் எப்படித் தெரியும் என்று இன்றைக்குப் பார்த்தேன்.

"வாப்பா," என்று சுருதிக்கா என் தோளைத் தொட்டாள். பாட்டுக் குழுவின் தலைவி. ஆறு மொழியில் பாடும் குழு அது. பேசினால் சண்டை வந்துவிடும், அதனால் பாடியே காலத்தை ஓட்டுகிறோம் என்பாள். என் மனைவி இறந்ததிலிருந்து வாரம் தவறாமல் எனக்குச் சாப்பாட்டு டப்பா வருகிறது. சுருதிக்கா வீட்டிலிருந்துதான்.

"இளைச்சுப் போயிட்ட. டப்பாவ யாருக்குடா குடுக்கற? நாய்க்கா?"

"நான்தான்க்கா சாப்பிடறேன்."

"அப்ப நாய்க்கே குடுத்திருக்கலாம். அதாவது உடம்பு வச்சிருக்கும்." சின்னுவின் கன்னத்தைத் தட்டினாள். "நீ ஏண்டி பேயடிச்ச மாதிரி நிக்கற? எல்லாம் இன்னையோட முடிஞ்சிடும். உள்ள போங்க. எல்லாருக்கும் சூடா ஏதாவது போட்டு எடுத்துட்டு வரேன். இந்தப் பூட்டு முன்கூடத்தைத் திறந்து விட்டா."

பூட்டு என்பது கொட்டகைச் செயலாளர். இடுப்பில் சாவிக்கொத்து. கழிப்பறையைக்கூடப் பூட்டி வைப்பவர், அதனால் வந்த பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. சுருதிக்காவைத் தவிர.

"திறந்துதான்மா இருக்கு," என்றார் பூட்டு. பிறகு என்னை மட்டும் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. பெரியவரே ஒத்துக்கிட்டாரு. நாம ஒண்ணும் அவர் மேல சுமத்தல. கடைசியில விசாரணைக்கு வர்ற அந்தம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேப்பாங்க. புருஷன்ங்கற முறையில. ஆட்சேபம் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"மாமா உள்ள போவாரு."

"வயசானவரு. ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க." படிகளைக் கையால் காட்டினார். "இவங்க எங்க போவாங்க? இந்த ஊர்ல இவங்க எல்லாரையும் உள்ள விடற இடம் இது ஒண்ணுதான். உங்க மனைவியும் இதத்தான் சொல்லுவாங்க."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. எனக்கு எதுவும் வருவதில்லை. தலையை ஆட்டினேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

*

மேடையில் ஒரு பலகை மட்டும் புதிது. மற்றவை கறுத்துப் போனவை. அது மட்டும் வெளுப்பாக, நிறம் ஒட்டாமல் கிடந்தது. மாற்றியிருக்கிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். குட்டை முடி, தட்டையான செருப்பு. அந்தப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அதன் மேல் ஒரு மர நாற்காலியைப் போடச் சொன்னார்.

"இந்த விளக்கு விஷயத்தை எனக்கு ஒரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். இங்கே பல மொழிக்காரர்கள் ஆடுகிறார்கள். பாதிப் பேருக்கு 'இறக்கு' என்றால் புரியாது. காது கேளாதவர்களுக்குக் கத்தினாலும் பயனில்லை. அதனால் இந்தக் கொட்டகையில் உத்தரவு வாயால் கிடையாது. விளக்கால். மேசையில் ஒரு சுவிட்ச். மேசையிலும் மேலே பாலத்திலும் சின்னச் சிவப்பு பல்பு. எரிந்தால் நில். அணைந்தால் விடு. முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குக் கழிப்பறை எங்கே என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

"பாலத்துல நிக்கறவருக்கு மேடை தெரியாதா?"

"தெரியாது. தொங்கற துணியெல்லாம் மறைக்கும். விளக்கு மட்டும்தான் தெரியும்."

"விளக்கு கோளாறு?"

"அன்னைக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது," என்று பூட்டு குறுக்கே வந்தார். "எலெக்ட்ரீஷியன்கள் ரெண்டு தடவை பார்த்தாச்சு. பல்பு, சுவிட்ச், வயர், எல்லாம் சரி."

உண்மைதான். நானும் பார்த்தேன். பூட்டிக் கிடந்த கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க எரியவிட்டுப் பார்த்தேன். அசையாமல் எரிந்தது.

"சரி. பெரியவர் மேல போகட்டும். பொண்ணு மேசையில உட்காரட்டும். நீங்க அவங்க பக்கத்துல நில்லுங்க. நான் நாற்காலிப் பக்கம் நிக்கறேன், எட்டத்துல."

மாமா பையைச் சுவரோரம் வைத்தார். கையுறையை மாட்டினார். இரும்பு ஏணியில் ஏறினார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். சின்னு அதைப் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் சுவிட்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது என் மனைவியின் நாற்காலி. முதுகில் அவளுடைய சால்வை இன்னும் தொங்கியது.

முதல் தடவை. சின்னு விளக்கைப் போட்டாள். அதிகாரி கையசைத்தார். அணைத்தாள். சுவிட்சின் சத்தமும் மேலே கயிறு ஓடும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. குழாய் இறங்கி நாற்காலியில் இடித்து நின்றது. முதுகுச் சட்டம் முறிந்தது. பக்கக் கதவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

மாமா படுதாவை மறுபடி ஏற்றினார். வேறு நாற்காலி வந்தது.

"இப்ப நான் சொல்ற வரைக்கும் விளக்கை அணைக்காதம்மா," என்று அதிகாரி சின்னுவிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "அவர் கை எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்க்கணும்."

விளக்கு எரிந்தது. காத்திருந்தோம். மேலே கயிறு இறுகும் சத்தம் மட்டும். அந்தப் படுதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது லேசில்லை. அவர் மூச்சு கீழே வரைக்கும் கேட்டது.

அதிகாரி திடீரென்று கத்தினார். "விடுங்க!"

கயிறு அசையவில்லை.

"பெரியவரே, விடுங்கன்னு சொல்றேன்ல! இறக்குங்க!"

"விளக்கு எரியுதும்மா," என்று மேலேயிருந்து பதில் வந்தது. குரல் நடுங்கியது. கயிறு நடுங்கவில்லை.

சின்னு தலையைத் தூக்கினாள். மேலே துணிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. அக்காவின் சால்வை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தெரிந்தது.

கண் சிமிட்டும் நேரம். அவ்வளவுதான். பல்பு செத்தது, மறுபடி எரிந்தது.

கயிறு ஓடியது. நாற்காலி நொறுங்கியது.

"நான்தான் விட்டேன்!" பாலத்திலிருந்து மாமா கத்தினார். "நான்தான் விட்டேன்! தப்பு என்னுது!"

அதே வார்த்தை. அதே வேகம். யோசித்துச் சொல்கிற மாதிரியே இல்லை. என் முதுகில் ஏதோ ஓடியது. ஐந்து மாதத்தில் முதல் முறையாக எனக்கு உடம்பு இருப்பது தெரிந்தது.

சின்னு என் கையைப் பிடித்தாள். "அத்தான், விளக்கு..."

"பார்த்தேன்."

"நான் தொடல. சத்தியமா தொடல."

"பார்த்தேன் சின்னு."

அவள் எழுந்து மேடைக்கு நடுவே போனாள். உடைந்த நாற்காலியைத் தாண்டி, வெளுத்த பலகையில் நின்று, மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அப்பா."

மேலே பாலத்துப் பலகை கிறீச்சிட்டது.

"அப்பா, விளக்கு அணைஞ்சுதா?"

"நீ முதல்ல அங்கேயிருந்து தள்ளிப் போ."

"அன்னைக்கும் அணைஞ்சுதாப்பா?"

"தள்ளிப் போன்னு சொல்றேன்ல சின்னு! குழாய்க்குக் கீழ நிக்காதே!"

அவள் தள்ளவில்லை. "நீங்க நான் அணைச்சேன்னு நினைச்சீங்களா? இத்தனை நாளா? அதான் 'நான்தான் விட்டேன்'னு..." அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஏணியில் இறங்கி வந்தார். வேகமாக வந்தார். வயதுக்கு ஆகாத வேகம். வந்தவர் அவளைத் தொடாமல் பக்கத்தில் நின்றார்.

"புது ஆளு நீ. கை பட்டிருக்கும்னு நினைச்சேன். எனக்கென்ன, இருக்கற காலத்தை எங்க கழிச்சா என்ன." கையுறையைக் கழற்றினார். "உன் அக்காவுக்காக எதுவும் பண்ண முடியல. உனக்காவது..."

"நான் உங்களை... நீங்க கைய விட்டுட்டீங்கன்னு..." அவள் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "உப்பு வேணுமான்னுகூடக் கேக்கலையேப்பா."

"உப்பு குறைச்சலாத்தான் சாப்பிடணும்னு டாக்டரே சொல்லிட்டாரு. விடு."

நான் திரும்பிக்கொண்டேன். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள். தபால்காரர் வேலை போயிற்று.

*

அதிகாரி காத்திருந்தார். அவசரப்படவில்லை. பிறகு எங்கள் மூவரையும் மேசைப் பக்கம் அழைத்தார்.

"விளக்கு அணைஞ்சுதுன்னு யார் பார்த்தது?"

"நான். பெரியவரும் பார்த்திருக்காரு," என்றேன். "இவ கை சுவிட்ச்ல இல்ல."

"நீங்க மூணு பேரும் ஒரே குடும்பம்."

"ஆமாம்."

"நான் நாற்காலியப் பார்த்துக்கிட்டிருந்தேன். விளக்கைப் பார்க்கல." அதைத் தன் தப்பு மாதிரியே சொன்னார். "இன்னொரு தடவை பார்க்கலாம்."

பார்த்தோம். விளக்கு எரிந்தது. மறுபடி பார்த்தோம். எரிந்தது. பூட்டு பல்பைச் சுண்டிப் பார்த்தார், வயரை ஆட்டினார், மேசையையே குலுக்கினார். கல்லுப்பிள்ளையார் மாதிரி எரிந்துகொண்டே இருந்தது.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "தம்பி, உங்க நிலைமை எனக்குப் புரியுது. ஆனா தானா அணைஞ்சுதுன்னு நான் எழுத முடியாது. தானா எதுவும் அணையாது. எது அணைச்சுதுன்னு சொல்லுங்க."

"தெரியல."

"பெரியவர் இப்ப விளக்கு அணைஞ்சதாலதான் விட்டேன்னு சொல்றாரா?"

மாமா வாயைத் திறந்தார். சின்னுவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும். விளக்கு அணைந்தது என்றால், சுவிட்ச் பக்கத்தில் இருந்தது சின்னு. அணையவில்லை என்றால், கயிற்றை விட்டது மாமா. எழுதுவதற்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். மூன்றாவது ஒன்றும் இல்லை.

"சொல்லுங்க பெரியவரே."

"நான்தான்மா விட்டேன்," என்றார் மாமா. "கை சோர்ந்து போச்சு. முதல்ல சொன்னதுதான். மாத்தல."

"அப்பா!"

"நீ பேசாம இரு. இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்க. மெதுவாப் பேசலாம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "மாப்பிள்ளை, அந்தப் பைய எடுங்க."

"அவர் பொய் சொல்றாரும்மா," சின்னு அதிகாரியிடம் திரும்பினாள். "அப்படின்னா நான்தான் அணைச்சேன். என் பேரை எழுதுங்க. கை பட்டிருச்சு."

"படல," என்றேன்.

"பட்டுச்சு அத்தான்!"

"ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்க," என்றார் அதிகாரி. களைத்துப்போன குரல். "ஒருத்தர்தான் உண்மை." என் பக்கம் திரும்பினார். "இறந்தவங்களோட கணவர் நீங்க. யார் சொல்றதை நான் எடுத்துக்கணும்? உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா?"

பூட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கக் கதவில் நின்றவர்களும்.

பை என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

அப்போது முன்கூடத்துக் கதவு முட்டிக்கொண்டு திறந்தது. சுருதிக்கா ஒரு பெரிய தட்டோடு வந்தாள். தட்டு நிறையக் கோப்பைகள். ஆவி பறந்தது.

"சண்டையெல்லாம் அப்புறம் போடுங்க. தொண்டைய நனைச்சுக்குங்க முதல்ல. அந்த டீ பாய்லரைத் துடைச்சுத் தண்ணி ஊத்தறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போச்சு. ஒரு இஞ்சு தூசி. நம்ம நிகழ்ச்சிக்குன்னு ஆசையா வாங்கினது, ஒரே ஒரு நாள் ஓடினதோட நின்னுபோச்சு."

மேடை ஏறி, முதல் கோப்பையை மாமாவுக்குக் கொடுத்தாள். இரண்டாவதைச் சின்னுவுக்கு. மூன்றாவதை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன்.

சூடாக இருந்தது.

அன்றும் இதே சூடு. அன்றும் என் கையில் யாரோ வைத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவுடனே வைத்தார்கள். அவ்வளவு பெரிய பாய்லரில் தண்ணீர் கொதிக்க நேரமாகும். எல்லாம் நடந்த பிறகு தண்ணீர் வைத்திருந்தால் அதற்குள் கொதித்திருக்காது. அதற்கு முன்னால் யாரோ பாய்லர் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். படுதா இறங்கிய நேரத்தை ஒட்டி.

இன்றும் அப்படித்தான்.

அதன்பிறகு பாய்லரை யாரும் தொடவில்லை. எலெக்ட்ரீஷியன்கள் வந்தபோது அது தூசியில் கிடந்தது. நான் உட்கார்ந்து பார்த்த அன்றும்.

நான் விளக்குக்காரன். பழைய கட்டடத்தில் எந்த வயர் எங்கே போய் எதோடு சேர்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பாரமான சாமான் ஒன்றைப் போட்டால் வேறெங்கோ ஒரு சின்ன பல்பு ஒரு நொடி செத்துப் பிழைக்கும் என்பதும் தெரியும்.

சுருதிக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா? சர்க்கரை பத்தலையா?"

"அக்கா," என்றேன். "அன்னைக்கும் பாய்லரைப் போட்டது நீங்கதானா?"

சின்னு கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். மாமா என்னைப் பார்த்தார். அதிகாரியின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"நான்தான். வேற யாரு?" அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பெருமையும் இருந்தது. "உன் பொண்டாட்டிதான்டா வந்து சொன்னா. 'அக்கா, அப்பா காலையிலேருந்து மேலயே நிக்கறாரு, எல்லாருக்கும் சூடா ஏதாவது போடுங்க'ன்னு. அவ கேட்ட கடைசி விஷயம். அதையாவது பண்ணிக் குடுத்தேனேன்னு தினம் நினைச்சுக்குவேன்."

எங்கள் பின்னால் மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் அதைக் கேட்டீங்க?" என்றார் அதிகாரி என்னிடம்.

அக்கா இன்னும் என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். என் ஒரு கையில் மாமாவின் பை. இன்னொரு கையில் கோப்பை.

இந்தத் தடவை அது ஆறுகிறவரைக்கும் நிற்க முடியாது.